மதிலுக்கு வெளியே கேட்ட குரல்

வடபழனி, சென்னை
12.1.2025

பிரின்சி அப்பாவுக்கு,

ஜெசிந்தா எழுதுகிறேன். பேனா பிடித்து நாளாகிவிட்டது, கை வலிக்கிறது. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீங்கள் சொன்னதுதான் சரி. போனை எடுத்தால் நாம் சண்டையில்தான் வைக்கிறோம். நடுவில் பிரின்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறாள். இனி போன் அவளோடு பேச மட்டும். நமக்குள் உள்ளதைத் தாளில் எழுதிக்கொள்வோம். தாளில் குரலை உயர்த்த முடியாது.

பொங்கலுக்கு வர முடியாது. இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது? இந்த ஊருக்கு இப்போது பாட்டுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எந்தச் சனிக்கிழமை பார்த்தாலும் நாலு பக்கமும் மேடை. டிக்கெட் விற்பனை திறந்த கையோடு தீர்ந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் முகத்தில் மினுக்குப் பூசிக்கொண்டு, எல்லாப் பாட்டையும் எங்களுக்கு முன்னால் பாடிவிடுகிறார்கள். பின்வரிசைக் கோரஸ்காரர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. நிற்கத்தான் கால் இல்லை. ரிகர்சல் முடிந்து விடுதிக்கு வந்தால் கூடப் பாடும் கலைப்பிரியாவும் நானும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறோம்.

ஒரு சேதி. பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி பெரிய கச்சேரி, கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மைதானத்தில். இடைவேளைக்கு அப்புறம் முதல் பாட்டு ஹம்மிங்கில் தொடங்கும். மியூசிக் டைரக்டர் ரிகர்சலில் திரும்பிப் பார்த்து, "ஜெசிந்தா, அத நீ முன்னால வந்து பாடு" என்றார். எட்டு வருஷமாகப் பின்னால் நிற்கிறேன். ஹம்மிங்தான், ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இருந்தாலும் நீங்கள் இருவரும் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பாஸ் இதோடு வைத்திருக்கிறேன். வாருங்கள்.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
20.1.2025

ஜெசிந்தாவுக்கு,

மரியே வாழ்க. இங்கே எல்லோரும் இருக்கிறோம். பொங்கலன்று அமல்ராணி அக்கா முகையூரிலிருந்து வந்து பொங்க வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரின்சிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. எனக்கு இந்த வாரம் நைட் டூட்டி. திண்டிவனம் பக்கம் சிக்னல் கேபிளை எலி கடித்துவிட்டது. தண்டவாளத்தில் குந்திக்கொண்டு ஒயரைச் சீவும்போது, இதே விரலால்தான் ஒரு காலத்தில் கீபோர்டு வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாக ஒன்றும் எழுதவில்லை. நினைப்பு வந்தது, அவ்வளவுதான்.

பொங்கலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பாஸை பிரின்சி பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். உன் கச்சேரி வீடியோவை யூடியூபில் போட்டு, பெரிய திரையில் உன் முகம் வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தத் திரை ஒரு நாளும் உன் பக்கம் திரும்பியதில்லை. பார்த்துப் பார்த்து அப்படியே தூங்கிவிடுவாள். இந்தத் தடவை அவள் தேட வேண்டியதில்லை என்று சொன்னேன். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிறோம்.

சவுரிராயன்

*

வடபழனி
25.2.2025

பிரின்சி அப்பாவுக்கு,

நீங்கள் வரவில்லை.

வலது பக்கம், மேடைக்கு நேர் கீழே, உங்கள் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. நான் முன்னால் வந்ததும் முதலில் அங்கேதான் பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். நன்றாகத்தான் வந்தது. காதில் மாட்டியிருக்கும் கருவியில் தாளமும் என் குரலும் மட்டும்தான் விழும், வெளியே ஜனம் கத்துவது ஒன்றும் கேட்காது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் எல்லோரும் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மானேஜர் அரங்கநாதன் சார் படிக்கட்டில் நின்று, "நல்லா இருந்துச்சிமா" என்றார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் பிரின்சியும் சரியாகப் பேசவில்லை. தூக்கம் வருகிறது என்றாள்.

வாசல் பக்கம் நெரிசல், டிக்கெட் வாங்கிய பலபேரால் உள்ளேயே வர முடியவில்லை என்று மறுநாள் செய்தியில் போட்டார்கள். சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். உன் வீட்டுக்காரர் வராததே நல்லது என்று கலைப்பிரியா சொல்கிறாள். எனக்கு அப்படி நினைக்க மனசு வரவில்லை. வரக் கூடாது என்று முடிவு செய்தது எப்போது? அதையாவது எழுதுங்கள்.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
5.3.2025

ஜெசிந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் அவசர டூட்டி போட்டுவிட்டார்கள். சிக்னல் கோளாறு. போனை எடுக்க முடியவில்லை. பிரின்சி நன்றாக இருக்கிறாள். நீ நன்றாகப் பாடினாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சவுரிராயன்

*

வடபழனி
16.3.2025

பிரின்சி அப்பாவுக்கு,

நேற்று பிரின்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். புது ஸ்கூல் பை, கணக்கு டீச்சர் என்று ஏதேதோ பேசினாள். நடுவில், "அம்மா, உன் கச்சேரில உழுந்த என் செருப்ப யாராவது எடுத்து வச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

எந்தச் செருப்பு என்றேன். "அப்பா சொல்லக் கூடாதுன்னாரு" என்றாள். போனை, துணைக்கு வந்திருந்த அமல்ராணி அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். அண்ணி, குழம்பு அடிபிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் வந்தீர்கள், இல்லையா? நேற்றே பஸ் ஏறியிருப்பேன். ஏறி வந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் சண்டைதான் போடுவேன். அதனால் தாளில் கேட்கிறேன். என் பிள்ளைக்கு அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
22.3.2025

ஜெசிந்தாவுக்கு,

வந்தோம். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். பிரின்சி அந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம், "அம்மா எந்தப் பக்கம் நிப்பாங்கப்பா, நம்மளப் பாத்தா கை ஆட்டுவாங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மைதானத்துக்கு வெகு முன்பே பஸ் நின்றுவிட்டது, நடந்தோம். பாஸ்காரர்களுக்குத் தனி வாசல் என்று போட்டிருந்த இடத்தில் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். எல்லோரையும் ஒரே வாசலுக்குத் திருப்பினார்கள். உள்ளே இருந்த இடத்துக்கு மேலே டிக்கெட் விற்றிருக்கிறார்கள் என்று ஜனம் பேசிக்கொண்டது. பாட்டு தொடங்கிய சத்தம் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். நான் பிரின்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே நின்றோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இடைவேளையில் வெளியே வர நினைத்தவர்களும் உள்ளே போக நினைத்தவர்களும் அதே வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

என் காலுக்குக் கீழே ஒரு பெண் விழுந்துவிட்டாள். காலேஜ் படிக்கிற வயசு. அவள் மேல் ஜனம் ஏறிவிடும் போலிருந்தது. நான் பிரின்சியை இறக்கி, தடுப்புக் கம்பி ஓரம் நிறுத்தி, "இத்தப் புடிச்சிக்கினு இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். அந்தப் பெண்ணைத் தூக்கி நிமிர்த்திவிட்டுத் திரும்பினால் கம்பி சாய்ந்து கிடக்கிறது, பிரின்சியைக் காணோம்.

எவ்வளவு நேரம் தேடினேன் என்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கத்தினேன். அங்கே எல்லோருமே யார் பெயரையாவது கத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது. முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. உள்ளே அத்தனை ஜனமும் அடங்கிப்போனது. எனக்குப் பக்கத்தில் சட்டை கிழிந்து நின்ற ஒருவன், "யார்பா இது, சூப்பரா பாடுது" என்றான்.

ஜெசிந்தா, ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னாய். அந்த நேரத்தில் உன் குரலை நான் வெறுத்தேன். வாயை மூடமாட்டாளா என்று நினைத்தேன். உனக்குத் தெரியாது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

மதில் ஓரமாகப் போனேன். அங்கே ஒரு அம்மா தள்ளுவண்டியில் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டி மேல் பாட்டில்களுக்கு நடுவில் பிரின்சி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இல்லை. முழங்கை தோல் உரிந்திருந்தது.

"உன் புள்ளயா? நல்ல ஆளுயா நீ. அம்மா பாடுது, அம்மா பாடுதுன்னு சொல்லிக்கினு சத்தம் வர்ற பக்கமே கூட்டத்துக்குள்ள போய்க்கினு இருந்துச்சு. நான்தான் கையப் புடிச்சு இழுத்துக் குந்த வச்சேன்" என்றார்கள்.

அவள் அழவில்லை. "அப்பா, அம்மா முடிச்சிட்டாங்க" என்றாள்.

பஸ் பிடித்து வீடு வந்துவிட்டோம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முதல் தடவையாக நீ முன்னால் வந்து நின்றிருக்கிறாய், அதில் இதைக் கொட்ட வேண்டாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் திரும்ப எடுக்க முடியாத எதையாவது சொல்லிவிடுவேன் என்ற பயமும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்து அவள் ஸ்கூலில் பிரேயருக்கு வரிசையில் நிற்கமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கோயிலுக்கு வெளியே, வாசற்படியிலேயே நின்றுகொள்கிறாள். டிவியில் பாட்டு வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். உன் வீடியோவை இப்போது போடுவதில்லை.

சவுரிராயன்

*

வடபழனி
10.4.2025

பிரின்சி அப்பாவுக்கு,

கடிதம் வந்த அன்றே அங்கே ஓடி வந்தேன், பார்த்தீர்கள். நாம் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்தேன், நீங்கள் துணி துவைத்தீர்கள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து ரிகர்சலுக்குப் போனேன். அந்த ஹம்மிங் வந்ததும் குரல் எழவில்லை. தண்ணீர் குடித்தேன், மறுபடி எடுத்தேன், வரவில்லை. மியூசிக் டைரக்டர் திட்டவில்லை. "கலைப்பிரியா, நீ எடு" என்றார். அவள் நன்றாகப் பாடினாள். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதாள். நான் போய் அவளைச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

நீங்கள் வெறுத்தேன் என்று எழுதியதைப் பல தடவை படித்துவிட்டேன். கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் நான் வெளியே இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். என் பிள்ளை கூட்டத்துக்குள் போனது என் குரலைக் கேட்டுத்தான். அதை நினைத்தால் வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

களைத்துப் போய்விட்டேன். இந்த மாதக் கடைசியோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் எத்தனை வருஷமாகக் கேட்டது. மாதா கோயிலில் பாடினால் போதும் எனக்கு. அதுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஜெசிந்தா

*

விழுப்புரம்
17.4.2025

ஜெசிந்தாவுக்கு,

இன்று பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்கை பிரின்சி வாசலில் இருந்து பார்த்தாள். நானும் அவளோடு வெளியே நின்றேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். வந்துவிடு என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். இப்போது நீ வருகிறேன் என்கிறாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வராதது ஏன் என்று எனக்கே புரிய நாலு நாள் ஆயிற்று.

இப்படி வராதே. இதனால் நீ பாட்டை விட்டுவிட்டு வந்தால் அந்தப் பழி பிள்ளை தலையில் விழும். நாம் சொல்ல மாட்டோம், ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும். 'என்னாலதான் அம்மா பாடறதில்ல' என்று நினைத்துக்கொண்டே வளருவாள். இப்போதே, "செருப்பு தொலைஞ்சதுக்கா அம்மா அழுதாங்க" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. கோபப்படாமல் படி. நீ இங்கே வர வேண்டாம், நாங்களும் சென்னைக்கு வர முடியாது. திண்டிவனத்தில் வீடு பார்க்கலாம். நான் அங்கிருந்து ரயிலில் டூட்டிக்குப் போய்விடுவேன், பாதி வேலை அந்தப் பக்கம்தான் வருகிறது. உனக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து எந்நேரமும் பஸ் இருக்கிறது. கச்சேரி முடித்துவிட்டு விடுதிக்குப் போகாமல் வீட்டுக்கு வா. பிரின்சிக்கு அங்கே சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டேன், ஜூனில் சேர்த்துக்கொள்கிறார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸை விட வேண்டியிருக்கும், பரவாயில்லை. கூரை ஒழுகுகிறது என்று நீதான் திட்டுவாய்.

இரண்டு பேருக்கும் அலைச்சல்தான். ஆனால் அலைந்து வந்து சேருகிற இடம் ஒன்றாக இருக்கும்.

சவுரிராயன்

*

வடபழனி
2.5.2025

பிரின்சி அப்பாவுக்கு,

திண்டிவனமா என்று முதலில் சிரித்துவிட்டேன். நாம் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் அங்கே நிற்கும், டீ குடித்துவிட்டுக் கிளம்புவோம். அங்கே போய் யாராவது குடியிருப்பார்களா என்று கலைப்பிரியாவும் கேட்டாள்.

தினமும் ரயிலில் போய் வந்தால் உங்கள் முதுகு தாங்குமா? நான் விடியற்காலையில் வந்து படுத்தால் பிரின்சியை யார் கிளப்புவது? இரண்டு பேரும் பேசாமல் தூங்கி எழுந்து போகிற வீடாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் சரி என்று சொல்கிறேன். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் அதுவும் இருக்கிறது.

தண்ணீர் வசதி பார்த்து முடியுங்கள். அரங்கநாதன் சாரிடம் பின்வரிசையிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா

*

திண்டிவனம்
6.7.2025, ஞாயிறு

பிரின்சி அப்பாவுக்கு,

காலையில் வாசலில் நான் வர, நீங்கள் கிளம்ப. சொல்ல நேரமில்லை. பிரின்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் சொல்லவும் பிடிக்கவில்லை. அதனால் எழுதி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நீங்கள் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பேன்.

நேற்றுக் கச்சேரியில் காதுக் கருவியை ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான். சுதி விலகினாலும் பரவாயில்லை, ஜனத்தின் சத்தம் கேட்க வேண்டும் எனக்கு. நடுவில் அந்தக் குத்துப்பாட்டு வந்தது, எல்லோரும் எதிர்பார்க்கிற பாட்டு. இடது பக்கம் சத்தம் மாறியது. சந்தோஷக் கூச்சல் ஒரு மாதிரி இருக்கும், இது வேறு. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத் தடுப்பு வளைந்து நிற்கிறது. பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் கொடுக்கிறார்கள். விளக்கு கண்ணை அடிப்பதால் முன்னால் பாடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. திரையில் டிரம்ஸ்காரரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரங்கநாதன் சாருக்குக் கை காட்டினேன். அவர் பார்க்கவில்லை. என்ன நினைத்தேன் என்று தெரியாது. என் இடத்தை விட்டு மேடை நடுவுக்கு நடந்து போய், மியூசிக் டைரக்டரின் கையைப் பிடித்து, "நிறுத்துங்க சார், அங்க கொழந்தைங்க இருக்குது" என்றேன். நான் சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. ஒரு நொடி அவர் என்னை யாரோ மாதிரி பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தார். கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

ஜனம் ஊளையிட்டது. ஒரு தண்ணீர் பாட்டில்கூட மேடைக்கு வந்து விழுந்தது. போலீஸ்காரர்கள் ஓடிப் போய்த் தடுப்பைப் பிரித்து எல்லோரையும் பின்னால் அனுப்பினார்கள். இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டேன். அப்புறம் பாட்டைத் தொடர்ந்தார்கள். நான் பின்வரிசைக்குப் போய் நின்று பாடினேன்.

முடிந்ததும் யாரும் என்னோடு பேசவில்லை. அரங்கநாதன் சார், "அடுத்த ஷோவுக்கு சொல்லி அனுப்பறோம்மா" என்றார். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. போனில் யார் யாரோ, 'பாட்டைக் கெடுத்த கோரஸ் பொம்பளை' என்று வீடியோ போட்டிருக்கிறார்கள். முதல் தடவையாகத் திரையில் என் முகம் முழுசாக வந்திருக்கிறது. வாய் கோணிக்கொண்டு, பேய் மாதிரி.

வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன். வருத்தமா என்று கேட்டால் தெரியவில்லை. தூக்கம்தான் வருகிறது. போனை அணைத்துவிட்டேன். ரசம் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா

*

திண்டிவனம்
7.7.2025, காலை

ஜெசிந்தாவுக்கு,

நீ நேற்று மதியம் படுத்தது, இன்னும் எழவில்லை. எழுப்ப மனசில்லாமல் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் கடிதத்தை பிரின்சி எனக்கு முன்பே படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசாகப் படித்திருக்கிறாள். நான் வந்ததும், "அந்தக் கொழந்தைங்களுக்கெல்லாம் செருப்பு இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். தெரியலையே, அம்மா எழுந்ததும் கேட்டுக்கொள் என்றேன். அந்த வீடியோவைக் காட்டு என்றாள். யோசித்தேன், அப்புறம் காட்டினேன். சத்தத்தைக் குறைக்கப் போனேன், வேண்டாம் என்று என் கையைத் தட்டிவிட்டாள். நீ நடந்து வருகிற இடத்தை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் வந்து உன் பக்கத்தில் படுத்து, உன் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

இன்று அவளை நான் கிளப்பி, ஸ்கூலில் விட்டுவிட்டு வந்தேன். ஸ்கூல் பிரேயர் வரிசையில் நின்றாளா என்று பார்க்க வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். கடைசி ஆளாக, கொஞ்சம் தள்ளி நின்றாள். ஆனால் நின்றாள்.

உன் போன் அணைந்திருந்ததால் அரங்கநாதன் சார் எனக்குப் போட்டார். இருபதாம் தேதி ரிகர்சலாம், உன்னை வரச் சொல்கிறார்கள். மியூசிக் டைரக்டரே சொன்னாராம். அதே பின்வரிசைதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போவதும் போகாததும் உன் இஷ்டம், எழுந்து யோசித்துக்கொள்.

"மேடம் எங்க மேல கோவமா இருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்ல சார், தூங்கிக்கினு இருக்காங்க" என்றேன்.

சவுரிராயன்